ஞாயிற்றுக்கிழமை டோக்கன்

ஆகஸ்ட் மாதத்து மெஸ் பில்லை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று விடுதி வராந்தாவில் காலடி வைக்க இடமில்லை. தலைக்கு அறுநூற்று இருபது ரூபாய். போன மாதத்தைவிட நூறு ரூபாய் கூடுதல்.

சாந்தாமணி கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். தொகையைப் பார்த்ததுமே அப்பாவை நினைத்துக்கொண்டாள். பவானிக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் வைக்கிற குடும்பம் அவளுடையது. வீட்டில் ஃபோன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உரக்கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். இவள் பீளமேட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவாள். பில் எவ்வளவு என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பூத்து மீட்டரில் சிவப்பு எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு, "செரி கண்ணு, அனுப்பியுடறேன்" என்பார். ஏன் இவ்வளவு ஆச்சு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

அந்த விடுதியில் நூற்றுச் சொச்சம் பெண்கள் இருந்தார்கள். மாதம் முழுவதும் ஆகிற சாப்பாட்டுச் செலவைக் கடைசியில் எல்லோருக்குமாகப் பங்கு போடுவதுதான் அங்கே வழக்கம். யாராவது மூன்று நாளுக்குக் குறையாமல் ஊருக்குப் போனால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்கு உண்டானது கழியும். கணக்கைப் பார்க்க மாணவிகளில் ஒருத்தி மெஸ் செகரட்டரியாக இருப்பாள். ஆகஸ்ட் பில்லுக்குப் பிறகு பழைய செகரட்டரி அழுதுகொண்டே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"யாரு எடுத்துக்கறீங்க?" என்று வார்டன் ராமாமணி மேடம் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டபோது பலரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சாந்தாமணி கையைத் தூக்கினாள். எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருடம். "கணக்குப் புள்ளைதான், பாத்துக்குவா" என்று யாரோ சொன்னார்கள்.

அவளுக்குத் துணையாக வந்தவள் மேட்டுப்பாளையத்து உம்மல் குல்சும். அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் கணக்குப்பிள்ளை என்பதால் மூட்டை விலை, தரம் எல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பழக்கம். வாரத்துக்கு இரண்டு நாள் இருவரும் விடியற்காலை பஸ்ஸில் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போனார்கள். அதுவரை பக்கத்துக் கடைக்காரர் அனுப்பியதை அப்படியே இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தக்காளியைக் கூடையோடு வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வெங்காயத்தை மூட்டையாக எடுத்தார்கள். சமையல்காரம்மா சுப்பாத்தாளுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. "ஏனுங் அம்மணி, என்னைய நம்பாமத்தான் இந்நேரத்துல எந்திரிச்சு ஓடறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். "உங்களை நம்பித்தானுங்க வாங்கிட்டு வாரோம்" என்று குல்சும் சிரித்துச் சமாளித்தாள்.

இவ்வளவு செய்தும் பில் பெரிதாக இறங்காது என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது. செலவில் பெரியது ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு. வாரா வாரம் எல்லோருக்கும் உண்டு. சைவக்காரப் பெண்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் தின்னாத கோழிக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குல்சும் அந்தக் கோழியைத் தொடுவதில்லை. அவளும் கட்டினாள்.

அடுத்த மெஸ் கூட்டத்தில் சாந்தாமணி எழுந்து நின்று சொன்னாள். "கோழியைப் பொதுக் கணக்குல இருந்து எடுத்துடலாம். வேணுங்கறவங்க சனிக்கிழமைக்குள்ள எட்டு ரூவா குடுத்து டோக்கன் வாங்கிக்கோணும். வேண்டாங்கறவங்களுக்கு அந்தச் செலவே இல்லை."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எதிர்த்துப் பேசியது சாய்ப்ரியா ஒருத்திதான். அவிநாசியில் பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி வைத்திருக்கிறவர் மகள். கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகிறவள்.

"அப்பிடிப் பிரிக்காதீங்க. ஒரே இடத்துல உக்காந்து ஒரே சாப்பாடு சாப்பிடறதுக்குத்தானே ஹாஸ்டல்? இல்லீன்னா ஓட்டலுக்குப் போயிக்கலாமே."

"உனக்கென்ன, அறுநூறுன்னாலும் கட்டுவே, ஆயிரம்னாலும் கட்டுவே" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. கூடம் முழுக்கச் சிரிப்பு. சாய்ப்ரியா முகம் சிவக்க உட்கார்ந்துவிட்டாள். ஓட்டெடுப்பில் ஏறக்குறைய எல்லாக் கைகளும் டோக்கனுக்கே உயர்ந்தன. அவற்றில் ஒன்று மாசாணியம்மாளுடையது.

மாசாணியம்மாள் சாந்தாமணியின் அறைத் தோழி. ஒரு வருடம் சின்னவள். ஆனைமலைக்காரி. தகப்பனார் இல்லை. அம்மா தென்னை நார் மில்லில் வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தாள். அதிகம் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளைப் பார்ப்பதற்கே வேறு மாதிரி இருக்கும். எலும்பைக் கடித்து, உறிஞ்சி, குழம்பில் சோற்றைப் பிசைந்து, சாவகாசமாகச் சாப்பிடுவாள். எதிரில் உட்கார்ந்தவர்களுக்கும் பசி வந்துவிடும்.

செப்டம்பர் பில் நானூற்றுத் தொண்ணூறு. நோட்டீஸ் போர்டு முன்னால் கைதட்டினார்கள். ராமாமணி மேடம் கூப்பிட்டு ஒரு பேனா பரிசாகக் கொடுத்தார். அந்த ஞாயிறு பூத்திலிருந்து தொகையைச் சொன்னபோது அப்பா உடனே பேசினார். "கொறஞ்சிருக்குதே கண்ணு! வயித்துக்கு ஒழுங்கா சாப்பிடறயில்ல?" சாந்தாமணி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கனம் இல்லாமல் நடந்த மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு வரிசை. டோக்கன் உள்ளவர்கள் ஜன்னல் பக்கம். இல்லாதவர்கள் சுவர்ப் பக்கம். சுவர்ப் பக்கம் சாம்பாரும் முட்டைக்கோஸ் பொரியலும். ஜன்னல் பக்கத்திலிருந்து கறி மசாலா வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

சாந்தாமணி ஜன்னல் பக்கம் நின்றாள். அவளுக்கு அந்த எட்டு ரூபாய் அப்படியொன்றும் இலகுவானது இல்லை. ஆனால் கோழியைப் பொதுக் கணக்கிலிருந்து எடுத்தவளே சுவர்ப் பக்கம் போய் நின்றால், தன் காசை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும் செய்தாள் என்று பேச்சு வரும். முதல் வாரம் அப்படி நினைத்து வாங்கினாள். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே நினைப்பில் வாங்கினாள்.

மாசாணி அன்றைக்கும் சாப்பிட வரவில்லை. முந்தைய ஞாயிறுகளைப் போலவே தலைவலி என்று படுத்திருந்தாள். அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "பெரியநாயக்கன்பாளையத்துல சின்னம்மா இருக்காங்க்கா. திங்கக்கிழமை நேரா காலேஜுக்கு வந்துடறேன்." மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். பிறகு வாரா வாரம் அதே.

அக்டோபர் கணக்கைப் போட உட்கார்ந்தபோது குல்சும்தான் முதலில் கவனித்தாள். "ஏன் சாந்தா, காய் செலவு கம்மி, அரிசி செலவு கம்மி. அப்பறம் எப்பிடி தலைக்கு ஒரு நாள் கணக்கு ஏறியிருக்குது?"

சாந்தாமணி திரும்பக் கூட்டினாள். தப்பில்லை. வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுப்பு எழுதிக் கொடுத்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். முன்பெல்லாம் ஐந்தாறு பேர்தான். சமையல்காரர்கள் சம்பளம், கேஸ், பால் எல்லாம் ஆள் குறைந்தாலும் குறையாது. மீதமிருந்தவர்கள் தலையில் அது ஏறியிருந்தது. மீதமிருந்தவர்களில் ஊருக்குப் போக பஸ் காசில்லாமல் சுவர்ப் பக்கம் நின்றவர்களும் உண்டு.

விடுப்பு எழுதியவர்களின் பெயர்களை அவள் படித்துப் பார்த்தாள். ஊர் தூரம் உள்ளவர்கள்தான் பாதிப் பேர். இரண்டு நாளுக்காக அவ்வளவு தூரம் போய்வர மாட்டார்கள். எங்கேயோ உறவுக்காரர் வீட்டில், தோழி வீட்டில் ஒண்டிக்கொள்கிறார்கள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது மாசாணியும் அங்கே இருந்தாள். அவளுடைய விரல் நுனிகளில் சின்னச் சின்னக் கீறல்கள்.

"கையில என்ன புள்ள?"

"சின்னம்மா ஊட்டுப் பக்கத்துல மோட்டார் காயில் சுத்தற பட்டறைங்க்கா. கம்பி கிழிச்சுப்போட்டுது. ஒரு காயிலுக்கு இவ்வளவுன்னு தாராங்க."

"வாராவாரம் அதுக்கா போறே? பரீட்சை வருது மாசாணி. பணம் பத்தலையா? பில்லு கொறஞ்சுதானே இருக்குது?"

மாசாணி துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்து முடித்ததும் பேசினாள்.

"பில்லு கொறஞ்சுதுங்க. அதுல உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நானும்தான் கை தூக்கினேன். நூறு ரூவா மிச்சம்னா எங்கம்மாவுக்கு எத்தனை நாள் கூலின்னு கணக்குப் போட்டேன், கையைத் தூக்கிப்போட்டேன்." துணியை வாளியில் அடுக்கினாள். "ஆனா முன்னெல்லாம் பில்லு கட்டறதுதாங்க்கா கஷ்டம். கட்டிப்போட்டா அப்பறம் நானும் சாய்ப்ரியா அக்காவும் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை என்னோட தட்டைப் பாத்து யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. இப்ப வாராவாரம் அந்தச் செவுத்துப் பக்கம் போயி நிக்கோணும். நின்னா அல்லாருக்கும் தெரியும்."

"யாரும் அப்பிடியெல்லாம் நினைக்க மாட்டாங்க."

"நினைக்க மாட்டாங்கன்னா நீங்க எதுக்குங்க்கா ஜன்னல் பக்கம் நிக்கறீங்க? உங்களுக்கு மட்டும் காசு எங்கிருந்து வருது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டது போலத்தான் இருந்தது. மாசாணி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனாள்.

அந்த வாரம் சாந்தாமணி ஒரு காரியம் செய்தாள். இரண்டு டோக்கன் வாங்கி, ஒன்றை மாசாணியின் தாவரவியல் புத்தகத்துக்குள் வைத்தாள். சாயங்காலம் அது சாந்தாமணியின் மேசைக்கே திரும்பி வந்திருந்தது. மாசாணி எப்போதும்போல் வெள்ளிக்கிழமை பையைத் தூக்கினாள். எப்போதும் "போயிட்டு வாரேனுங்க்கா" என்பாள். அன்றைக்கு அதைச் சொல்லாமல் போனாள்.

மாசாணிக்கு ஏன் வலித்தது என்று சாந்தாமணி வெகுநேரம் யோசித்தாள். அந்த டோக்கனைத் தன் அப்பாவுக்கு யாராவது கொடுத்திருந்தால் அப்பா என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் நேராகச் சாய்ப்ரியாவின் அறைக்குப் போனாள். சாய்ப்ரியா கட்டிலில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னதைக் காதுலயே போட்டுக்கலை. இப்பத் தோணுது, நீ சொன்னது சரியோன்னு."

சாய்ப்ரியாவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பாலிஷ் குப்பியை மூடி வைத்தாள். "நான் ஒண்ணும் யாருக்காகவும் பேசலை சாந்தா. எனக்காகத்தான் பேசினேன். எங்க வீட்டுல எங்கம்மா போனதுக்கப்பறம் நான் தனியாத்தான் சாப்பிடுவேன். அப்பா பத்து மணிக்கு வருவார். சமையல்காரம்மா மேசையில வெச்சுட்டுப் போயிடும். இங்க வந்துதான் எல்லார்கூடவும் உக்காந்து சாப்பிட்டேன். இப்ப ஜன்னல் பக்கம் ஒரு கூட்டம், செவுத்துப் பக்கம் ஒரு கூட்டம். எனக்குப் பிடிக்கலை."

"திரும்பப் பொதுவாக்கினா பில்லு ஏறும். அறுநூறு மறுபடியும் யாராலயும் கட்ட முடியாது."

"அப்ப வேற எதையாவது குறை. தினமும் எவ்வளவு கொட்டறாங்கன்னு பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அந்த வாரம் முழுவதும் சாந்தாமணியும் சாய்ப்ரியாவும் குல்சுமும் மாறி மாறிக் கை கழுவும் இடத்தில் எச்சில் தொட்டிப் பக்கத்தில் நின்றார்கள். பெண்கள் கேலி செய்தார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி கோதுமை உப்புமா பாதிக்கு மேல் தொட்டியில்தான் விழுந்தது. சாயங்கால போண்டாவை எடுத்துக்கொண்டு போய் அறையில் காய வைத்து மறுநாள் எறிந்தார்கள். போண்டாவுக்கு ஆகிற எண்ணெய்ச் செலவைப் பார்த்தபோது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போண்டா வாரம் ரெண்டு நாள் போதும். உப்புமா வேண்டவே வேண்டாம்" என்றாள் சாய்ப்ரியா. "கோழி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. எல்லாருக்கும்."

"சைவக்காரங்களுக்கு?" என்றாள் சாந்தாமணி.

"அன்னைக்குக் காலிஃபிளவர் வறுவல், பால் பாயசம். பாயசம் எல்லாருக்கும்."

சாந்தாமணி குல்சுமைப் பார்த்தாள். "உனக்குத்தான் மறுபடியும் நட்டம். திங்காத கோழிக்குக் காசு கட்டோணும்."

குல்சும் சற்றுத் தயங்கினாள். "உக்கடத்துல நாம தக்காளி வாங்கற சந்துக்கு எதுத்தாப்புல பாய் கடை இருக்குது. அங்க ஹலாலா அறுத்ததுன்னா நான் திம்பேன். இன்னும் அஞ்சாறு புள்ளைங்களும் திம்பாங்க. வெலையும் ஒண்ணுதான்."

"ரெண்டு வருசமா ஏன் இதைச் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே" என்றாள் குல்சும்.

கூட்டம் நவம்பர் இரண்டாவது வாரத்தில் நடந்தது. சாந்தாமணி பேச எழுந்ததுமே முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. போண்டா நிற்கப் போகிறது என்ற செய்தி முன்பே பரவியிருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்கதானே டோக்கன் நல்லதுன்னீங்க?" ஒரு சைவக்காரப் பெண் எழுந்து கேட்டாள். "எங்களுக்கு அதனால பில்லு கொறஞ்சுது. இப்ப மறுபடியும் ஏத்தப் போறீங்க. உங்களுக்கே ஒரு தெளிவில்லையா?"

நியாயமான கேள்வி. ஒருநாள் கணக்கு ஏன் ஏறியது என்று எடுத்துச் சொன்னாள். எண்களைச் சொல்லச் சொல்ல யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தது. மாசாணி கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைச் சொல்ல முடியாது. அந்த இருபது பேரில் யார் பெயரையும் சொல்ல முடியாது. வேறு யாருடைய கதையைச் சொல்வது?

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள். "எங்கப்பா வெள்ளாமைக்காரர். எனக்கு வாராவாரம் டோக்கன் வாங்க வசதியில்லை. ஆனா ஒரு வாரம் விடாம வாங்கினேன். கோழி மேல ஆசைப்பட்டு இல்லை. செவுத்துப் பக்கம் நிக்க வெக்கப்பட்டு. பில்லுல மிச்சமானதுல ஒரு பங்கு அந்த வெக்கத்துக்கே போயிருச்சு. எனக்கே இப்பிடின்னா, வாங்கவே முடியாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் யோசிக்கலை. காசை மட்டும்தான் கணக்குப் போட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. நடு வரிசையில் ஒருத்தி, "நானும்தான்" என்று மெல்லச் சொன்னாள். யார் என்று பலரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து, "நானும் கடன் வாங்கித்தான் வாங்கினேன்" என்று வேறொரு குரல் வந்தது. கேள்வி கேட்ட சைவக்காரப் பெண் நின்றபடியே இருந்தாள். பிறகு, "பாயசம் நிஜமாவே தருவீங்களா?" என்றாள். அப்போதுதான் சிரிப்பு வந்தது.

ஓட்டெடுத்தார்கள். முதல் முறைபோல் எல்லாக் கைகளும் உயரவில்லை. நாலைந்து கைகள் வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. போண்டா போன கோபத்தில் ஒரு கூட்டம் அந்த வருடம் முடியும்வரை சாந்தாமணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நவம்பர் பில் ஐந்நூற்று முப்பது வந்தது. இறங்கியதில் கொஞ்சம் ஏறிவிட்டது. நோட்டீஸ் போர்டில் அவள் கையெழுத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் ஒரு போண்டா வரைந்து வைத்திருந்தார்கள்.

முதல் பொதுக் கோழி ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களில் மாசாணியும் இருந்தாள்.

சாந்தாமணிக்கு ஏமாற்றமாக இருந்தது. மறைக்கத் தெரியாமல் கேட்டுவிட்டாள். "இப்பவுமா போறே?"

மாசாணி பையின் ஜிப்பை இழுத்தாள். "பட்டறைல ஆர்டர் இருக்குதுங்க்கா. செமஸ்டர் ஃபீஸ் கட்டோணும். அதுக்கு யாராலயும் கூட்டம் போட முடியாதில்லீங்க?" அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள். "அன்னைக்கு நீங்க பேசினீங்களே, அது எனக்காகவா?"

சாந்தாமணி யோசித்துப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்வது சுலபம். "உன்னாலதான் புரிஞ்சுது. ஆனா எனக்கும் சேத்துத்தான் பேசினேன்."

"அப்பிடின்னா செரி" என்றாள் மாசாணி. "போயிட்டு வாரேனுங்க்கா."

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசாணி விடுதியில் இருந்தாள். கரண்ட் இல்லாமல் பட்டறைக்கு விடுமுறை. பாயசம் தீர்ந்துபோய்ச் சுப்பாத்தாள் இரண்டாவது அண்டா வைக்கப் போயிருந்தாள். கூடத்தில் ஒரே வரிசை, வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிருந்தது. ஆளுக்கு இரண்டு துண்டுதான். கழுத்து எலும்பு வந்தவர்கள் கத்தினார்கள். குல்சும் தன் தட்டில் விழுந்த கால் துண்டை எடுத்து மாசாணியின் தட்டில் போட்டாள். மாசாணி தன்னுடைய ஈரலை அவளுக்குத் தள்ளினாள். சாய்ப்ரியா இடம் தேடிக்கொண்டு வந்து, "கொஞ்சம் நகருங்க" என்று அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். மாசாணி எலும்பைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்புள்ள, சத்தம் வராம சாப்பிடவே தெரியாதா உனக்கு?" என்றாள் சாய்ப்ரியா.

"தெரியாதுங்க்கா" என்று சொல்லிவிட்டு மாசாணி இன்னும் பலமாக உறிஞ்சினாள்.